மூக்குத்தி கேட்டு வாங்கிய வரி

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் கொண்டுவந்தார்கள். பாவம். ஒரு வாய் ருசித்துச் சாப்பிடக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே, பாவம் என்றார் செத்துப்போன என் தோழியின் பெரியம்மா. அந்தப் பழைய விபத்துதான் உள்ளேயே இருந்து அரித்துவிட்டது என்று இன்னொருவர் முடிவுகட்டினார். அவளைக் கொண்டுபோனது ரத்தத்தில் வந்த நோய். நல்ல மூக்கு உள்ளவர்களையும் அது விட்டுவைப்பதில்லை. சாவு வீட்டில் வாதாட வேண்டாமென்று நான் வாயை மூடிக்கொண்டு காப்பித் தம்ளர்களைக் கழுவப் போனேன். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான். தன்னைப் பாவம் என்று சொல்ல அவள் யாரையும் விட்டதில்லை. செத்த பிறகு மட்டும் எப்படி விடலாம்?

கல்லூரியில் அவளை மூக்குத்தி என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் படித்தது உணவுத் தொழில்நுட்பம். இரண்டாம் வருடத்தில் அவள் தன் அத்தை மகனுடைய பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. காயம் ஆறியது. வாசனை பிடிக்கும் மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. இனி வராது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். நாக்குக்குத் தெரிவது மிச்சம் இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் காரத்தின் எரிச்சல். மற்றபடி மாம்பழமும் பப்பாளியும் அவளுக்கு ஒன்றுதான். துறைத் தலைவர் கூப்பிட்டு, நல்ல மனதோடுதான், வணிகவியலுக்கு மாறிவிடு என்றார். மறுவாரம் அவள் மூக்கு குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். ஏனடி என்று கேட்டதற்கு, "வேலைதான் செய்யல, நகையாவது மாட்டிக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அவள் அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர். மகள் ஆகாத படிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று அவருக்கு ராத்தூக்கமே போய்விட்டது. கடைசி வருடம் எங்கள் இருவருக்கும் தூரத்து ஊர் ஒன்றில், ஒரு பிஸ்கட் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ரயிலேற்ற வந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அங்கேருந்து உன்னைத் திருப்பி அனுப்பினாங்கன்னா நேரா வீட்டுக்கு வந்துடணும். சித்தப்பா ஆபீஸ்ல கணக்கு பாக்கலாம். அதுக்கப்புறம் இந்தப் படிப்புப் பேச்சே கிடையாது. சரியா?" அவள் சரி என்றாள். ரயில் நகர்ந்த பிறகு என் பக்கம் திரும்பி, "திருப்பி அனுப்பினாத்தானே?" என்றாள்.

கம்பெனி எங்களுக்குப் பிடித்துக்கொடுத்த அறை ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. இரண்டு கட்டில், ஒரு பீரோ, கொடியில் எப்போதும் காயாத துணி. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம். முதல் நாள் ரயில் அலுப்பில் நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். அவள் என் போர்வையை உருவினாள். "எழுந்திருடி. புது ஊருக்கு வந்து தூங்குவாங்களா யாராவது? ஊரு என்ன நினைக்கும்?"

ஊர் என்ன நினைத்ததோ, அன்று மாலையிலிருந்து அதன் ஒரு தெருவையும் அவள் விட்டுவைக்கவில்லை. கம்பெனி விட்டதும் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். தள்ளுவண்டிகள், பாலத்தடிக் கடைகள், மார்க்கெட்டுக்குப் பின்னால் பெஞ்சு போட்டு ஆவி பறக்கப் பரிமாறும் வீடுகள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று எண்ணெயின் சத்தத்தைக் கவனிப்பாள். பிடித்தால் உட்காருவாள். ஒவ்வொரு பண்டத்துக்கும் தானே பெயர் வைத்தாள். அடுக்கடுக்காகப் பொரித்து, பல்லோடு மல்லுக்கு நிற்கும் ஒன்றுக்குச் சண்டைக்காரன் என்று பெயர். வாயில் போட்டதும் பிடி கொடுக்காமல் உள்ளே போய்விடும் ஒன்றுக்கு நழுவல். கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தில் வரும் சாற்றுக்குச் சுட்டான். சண்டைக்காரனை விற்ற கடைக்காரர் பெருமையாக, எப்படி இருக்கு என்று கேட்டார். "வெளிய ஒரே அடிதடி, உள்ள சமாதானம்" என்றாள். மனிதர் பூரித்துப்போய் இன்னொன்றை அவள் தட்டில் வைத்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவளுக்காக வாசனையை விவரிக்க ஆரம்பித்தேன். கருகின வெங்காயம் மாதிரி, கூடவே ஏதோ இலை மாதிரி என்று நான் அடுக்கிக்கொண்டு போக, அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நான் கேட்டேனா?"

"இல்லடி, உனக்குத் தெரியட்டுமேன்னு..."

"நீ உன் மூக்கால சாப்பிடு. என்னை என் பல்லால சாப்பிட விடு. இதுல நடுவுல எதுக்கு மொழிபெயர்ப்பு?"

அதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது மலையடிவாரத்தில் இருந்த வெந்நீர் ஊற்று. விடுமுறை நாள் ஒன்றில் பஸ் பிடித்துப் போனோம். மரங்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் புகைந்துகொண்டு பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஆனால் கந்தகம். ஆயிரம் முட்டை ஒன்றாக அழுகினால் என்ன நாறுமோ அந்த நாற்றம். வந்த கூட்டம் படம் எடுத்துக்கொண்டு துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தியபடி திரும்பி ஓடியது. மூக்குத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டிவரை நீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து சண்டைக்காரன் பொட்டலத்தைப் பிரித்தாள். மொத்த ஊற்றும் அவளுக்கே சொந்தம். நான் தூரத்தில் ஒரு மரத்தின் கீழ் நின்றுகொண்டு, போலாம்டி, செத்துருவேன்டி என்று கெஞ்சினேன். பொழுது சாயும்வரை அவள் அசையவில்லை. மலைமேல் வெளிச்சம் நிறம் மாறுவதை, வந்தவர்களில் அன்று அவள் ஒருத்திதான் முழுக்கப் பார்த்தாள்.

கம்பெனியில் முதலில் மாவு கலக்கும் இடம், பிறகு ஓவன் பக்கம், பிறகு பேக்கிங், பிறகு ஈரம் பார்க்கும் லேப் என்று சுற்றினோம். எல்லாவற்றிலும் அவள் நன்றாகவே செய்தாள். கடைசியாக மிஞ்சியது ருசிப் பேனல். அது ஒரு நீண்ட அறை. தேர்வு எழுதுவதுபோல் தடுப்புத் தடுப்பாக இருக்கைகள். பிஸ்கட்டின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டுகள் வரும். இரண்டு ஒன்றுபோல, ஒன்று மட்டும் வேறு. வேறாக இருப்பது எது என்று சீட்டில் குறிக்க வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்த வாரம் வெண்ணெய் எசன்ஸை மாற்றியிருந்தார்கள். வித்தியாசம் முழுக்க வாசனையில்தான்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டுவிடு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நான் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவள் சீட்டில் எதையும் குறிக்கவில்லை. குறுக்காக, மூன்றும் எனக்கு ஒன்றுதான், முகரும் திறன் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பேனலை நடத்தியவர் எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் ஓர் அம்மாள். நரைத்த தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட், கறாரான பேச்சு. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்த மேனேஜரையே வெளியே நிறுத்தியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எங்களைக் கூப்பிட்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மூக்குத்தியைக் கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றாள் இவள். விண்ணப்பத்தில் ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் எழுதினேன் என்றாள். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பார்வையில்லாதவரைக் கொண்டு துணிக்கு நிறம் பார்க்க முடியுமா என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம், கல்லூரிக்கு நானே எழுதிவிடுகிறேன் என்றார்.

அறைக்கு வந்து நான்தான் அழுதேன். திருப்பி அனுப்பியாயிற்று. அப்பாவுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும், சித்தப்பா ஆபீஸ்தானே இனி? அவள் மறுநாளுக்கான கோட்டைத் துவைத்து, விசிறிக்கு நேராகக் காயப்போட்டாள்.

காலையில் எதுவும் நடக்காததுபோல் என்னோடு கிளம்பி வந்தாள். காவலாளியிடம் அட்டையைக் காட்டிவிட்டு நேரே பேனல் அறைக்கு வெளியே, தட்டுகள் வைக்கும் மேஜையருகே நின்றுகொண்டாள். பேனல்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடைமழைக் காலம். ஒருவர் செருமினார், ஒருவர் மூக்கை உறிஞ்சினார், ஒரு அக்கா முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கதவிலேயே பெரிய எழுத்தில் இருந்தது: ஜலதோஷம் உள்ளவர்கள் பேனலில் உட்காரக்கூடாது. யாரும் அதை மதிப்பதில்லை. ஜலதோஷம் என்று சொன்னால் அன்றைக்கு ஓவன் பக்கம் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னலாம். மூன்றில் ஒன்றைக் குறிக்க மூக்கு எதற்கு?

கடைசியாக மேடம் வந்தார். இவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உன்னை வர வேணாம்னு சொன்னேன்ல?"

குரல் அடைத்திருந்தது. அதை நான்கூடக் கவனித்திருக்க மாட்டேன். மூக்குத்தி கவனித்துவிட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஜலதோஷம்."

"அதுக்கும் உனக்கும் என்ன?"

"இன்னைக்கு நீங்களும் என்னை மாதிரிதான். உள்ள போறவங்க பாதிப் பேர் என்னை மாதிரிதான். உங்களுக்கு நாலு நாள்ல சரியாயிடும், எனக்கு ஆகாது. ஆனா அவங்க தெரியும்னு குறிக்கறாங்க. நான் தெரியலன்னு எழுதினேன். என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பறீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் எல்லாத் தலைகளும் தடுப்புக்கு மேலே எழுந்தன. யாருக்கெல்லாம் சளி என்று மேடம் உள்ளே பார்த்துக் கேட்டார். எழுந்த தலைகள் எல்லாம் தடுப்புக்குக் கீழே போயின. அந்த நேரம் பார்த்து மூலையில் இருந்த பெரியவருக்குத் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தார். அது அடங்குகிற தும்மலாக இல்லை. அடுத்து இன்னொன்று. யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது.

மேடம் கொஞ்ச நேரம் கதவில் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இன்று பேனல் கிடையாது என்று விளக்கை அணைத்தார்.

அன்று பேனல்காரர்களில் பாதிப் பேர் ஓவன் பக்கம் போனார்கள். மூக்குத்தியும் தானாகவே அங்கே போய்த் தட்டுகளை அடுக்கினாள். அந்த முந்தானை அக்கா வியர்வையை வழித்தபடியே, உன்னாலதான்டி வேகறோம் என்று சாயங்காலம்வரை திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே தன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை இவள் தட்டில் தள்ளினாள்.

மறுநாள் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மேஜையில் சான்றிதழ் தயாராக இருந்தது, கையெழுத்தைத் தவிர. ருசிப் பேனல் உட்பட எல்லாப் பிரிவிலும் பயிற்சி முடித்ததாக அடித்திருந்தார்கள்.

"இதை எடுத்துக்க. நேத்து நடந்ததை இதோட விட்டுடு" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

"நான் பேனல் பண்ணலையே மேடம்."

"தெரியும். உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

"நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல முகர்ந்து சொல்லும்மாம்பாங்க. அப்ப நான் என்ன பண்றது, ஒண்ணைத் தொட்டுக் காட்டறதா? எனக்கு முகரத் தெரியாதுன்னு எழுதுங்க. மத்த எல்லாம் செஞ்சேன்ல, அதையும் எழுதுங்க."

"அப்படி எழுதினா உன் காலேஜ்ல ஒத்துக்குவாங்களா?"

"அது நான் பாத்துக்கறேன்."

இவளுக்கென்ன கிறுக்கா என்பதுபோல் மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு தாளை எடுத்தார். டைப் அடிக்கக் கொடுக்காமல் தன் கையாலேயே எழுதினார். முத்திரை குத்தும்போது கொஞ்சம் பலமாகவே குத்தினார். கோபமா வேறென்னவோ, எனக்குப் புரியவில்லை.

அறைக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு, தாளை முதலிலிருந்து வாசித்தாள். தயாரிப்பு, ஓவன், பேக்கிங், ஈரச் சோதனை ஆகியவற்றில் பயிற்சி நிறைவாக முடிந்தது. இவருக்கு முகரும் திறன் இல்லாததால் ருசிப் பேனலில் பங்குபெறவில்லை. அந்த வரியையும் மற்றதைப் போலவே, விழுங்காமல் வாசித்தாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. "அதை எதுக்கும்மா எழுத விட்டே?" என்றார் அப்பா.

"நான்தான் எழுதச் சொன்னேன். திருப்பி அனுப்பலப்பா. முடிச்சிருக்கேன். அதுதானே நம்ம பேச்சு?"

சரி, நீ வரவில்லை என்று சித்தப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அப்பா. எப்போது ரயில் என்று கேட்டார். இரண்டு நாள் ஆகும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இன்னும் பாக்கி இருக்கிறது என்றாள்.

கல்லூரியில் அந்த வரிக்காக மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். படித்து முடித்த பிறகு, வேலை கேட்டுப் போன இடமெல்லாம் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டினாள். பல இடங்களில் படித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு ரொட்டிக் கம்பெனியில் கடைசிவரை படித்துவிட்டு, சரி, அது போகட்டும், வேற என்னம்மா தெரியும் என்று கேட்டார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். படுக்கையில் விழும்வரை அங்கேதான் வேலை பார்த்தாள்.