அரை அங்குலம் தள்ளி வைத்த சுவர்

“திண்டிவனம், கார் மெக்கானிக் ஷெட். அளவெடுத்த நாள்: மாசி, இரண்டாம் ஞாயிறு, காலை. அளவு: நிஜத்தில் ஓரடி என்றால் இங்கே அரை அங்குலம்.”

ஒரு குட்டி ஷெட்டின் அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் இந்தச் சீட்டை எழுதியவன் நான். இடம் சரி, நாளும் சரி. அளவைப் பற்றிய வரி மட்டும் முழு உண்மை அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தும் சொல்லாமல் நான்கு நாட்கள் இருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் பழைய மாடல் கார் பொம்மைகளை வாங்கி, அவை நிற்பதற்கான பட்டறைகளை மேசைமேல் செய்வேன். கார் மட்டும்தான் கடைச்சரக்கு, மற்றதெல்லாம் கைவேலை. குளிர்பான டப்பாவின் தகரத்தைக் கத்தரித்தால் ஸ்பேனர். தீர்ந்த பேட்டரிக்குக் கறுப்பு அடித்தால் ஆயில் பீப்பாய். பார்சல் அட்டையை ஈரப்படுத்தி மேல்தாளை உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்கும். சாம்பல் நிறம் பூசினால் அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தரையின் கிரீஸ் கறைக்கு ஷூ பாலிஷும் எரிந்த தீக்குச்சியின் கரியும் போதும். எதை எந்த நாளில் ஒட்டினேன் என்பது வரை நோட்டில் எழுதி வைப்பேன். ஊர் வரலாறுகளையும் பழைய பயணக் குறிப்புகளையும் படித்து வந்த பழக்கம் இது. தேதி இல்லாத குறிப்பை நான் நம்புவதில்லை.

திண்டிவனம் ஷெட்டை முதலில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளை அம்பாசிடர் ஒன்று நான்கு கதவுகளையும் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. அடுத்த வாரமே டேப்போடு போய் அனுமதி கேட்டேன். ஷெட்காரர் சிரித்தார்.

“இன்ஷூரன்ஸ்காரங்கதான் டேப் எடுத்துக்கினு வருவாங்க. நீங்க பொம்மைக்கா? அளந்துக்கோங்க சார். தூணை மட்டும் தூக்கிக்கினு போய்டாதீங்க.”

உட்புற அகலம் பதினோரு அடி. தூண், கூரை உயரம், வேலை மேசை எல்லாம் அளந்தேன். கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு சந்து இருந்தது. பின்வீட்டில் குடியிருந்த ஷெட்காரரின் தங்கை குடும்பத்துக்குத் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. அதை நான் அளக்கவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

பதினோரு அடிக்கு ஐந்தரை அங்குலம். சுவர்களை நிறுத்தி, மேசையை ஓரத்தில் வைத்து, பொம்மை அம்பாசிடரை உள்ளே விட்டேன். கார்க்கதவு முழுதாகத் திறக்கவில்லை. பாதியில் சுவரில் இடித்தது. காரை அளந்து பார்த்தேன். நீளம் கச்சிதம், அகலம் அரை அங்குலம் கூடுதல். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று செய்தவர்கள் அகலப்படுத்தியிருக்க வேண்டும். காரை இளைக்க வைக்க முடியாது, சுவரைத் தள்ளலாம். கிழக்குச் சுவரை அரை அங்குலம் வெளியே தள்ளி ஒட்டினேன். பலகை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. சுவருக்கு வெளியே ஓர் அங்குலம் மிஞ்சியது. அதில் மண் தூவி, சந்து என்று விட்டுவிட்டேன். இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் எங்கேயாவது இப்படிச் செய்வதுதான். பார்க்கிற கண்ணுக்குப் பொருந்தினால் போதும். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே “கிழக்குச் சுவர் ஒட்டினேன்” என்று மட்டும் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அதை ஷெட்காரருக்கே கொடுத்தேன். அவர் கண்ணாடிப் பெட்டி செய்து சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். நிஜ வண்டிகளுக்கு வைத்த கையோடு பொம்மைக் காரின் பானெட்டிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், “சார் தேதி போடாம தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு. இதுல ஒரு நூல் அளவு தப்பு இருக்காது,” என்பார். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

போன சித்திரையில் அவர் பழைய ஷெட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். பழைய சுவர் இருந்த கோடே தெரியாமல் தரையை இடித்து மட்டப்படுத்தியாகிவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் தங்கையின் கணவருக்கு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் போயிருந்தது. அவருக்கு இனி சக்கர நாற்காலிதான். சந்துக்கு இரண்டடி விட்டால் போதும் என்றார் அண்ணன். இரண்டடியில் நாற்காலி நுழையாது என்றார் தங்கை. அவர்கள் பேச்சு முற்றி, தெருக்காரர்கள் உட்கார்ந்து, முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு விட வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி கண்ணாடிப் பெட்டி.

புதன்கிழமை பகலில் ஷெட்காரர் போன் செய்தார். “ஞாயித்துக்கெழமை ஒரு நடை வந்துட்டுப் போங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா பேஜாரு தீர்ந்துடும்.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். சந்தின் அகலம் எங்கும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான் போகாவிட்டால் பெட்டி எனக்காகப் பேசும். போனால் பெட்டியை நான் பொய்யாக்க வேண்டும். ஞாயிறு காலை பாசஞ்சர் விக்கிரவாண்டியில் நின்றபோது இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். ஏறுகிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி உட்கார்ந்தேன். மயிலத்தில் எழுந்திருக்கவே இல்லை.

ஷெட் முகப்பில், புது ஷட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். கிழக்குச் சுவர் இன்னும் எழும்பவில்லை, சந்து இருந்த இடம் முழுக்க சிமெண்ட் கல் அடுக்கியிருந்தது. அதனால் பின்வீட்டுக்காரர்கள் இப்போது ஷெட்டுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டால் அவர்கள் உள்ளேதான். தங்கை தன் கணவரை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரே நிறுத்தினார். நாற்காலியின் அகலத்தை நான் கேட்காமலே சொன்னார்: இருபத்தாறு அங்குலம்.

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த பெரியவர்தான் பஞ்சாயத்துக்கு நடுவர். ஷெட்காரர் பெட்டியைத் திறந்து, ஸ்கேலைப் பொம்மைச் சந்தின் குறுக்கே வைத்துக் காட்டினார்.

“பாருங்க. ஒரு இஞ்சு. அரை இஞ்சுக்கு ஒரு அடின்னு சார் கையாலேயே எழுதியிருக்காரு. அப்ப ரெண்டடி.”

“அந்தச் சந்துல நான் ரெண்டு பக்கமும் குடத்தை மாட்டிக்கினு மொபெட்டைத் தள்ளிக்கினு வருவேன்ணா. ரெண்டடில எப்படி வரும்? குடத்தைத் தலையில வெச்சிக்கினா வந்தேன்?”

“நீ குடத்தை இடிச்சி இடிச்சித்தான் என் சுவரே ஓட்டையாச்சு.”

நாற்காலியில் இருந்தவர் முதல்முறையாகப் பேசினார். “பொம்மைக்குள்ள என்னை வெச்சித் தள்ளிப் பாருங்க மாமா. அதுல போறனான்னு தெரிஞ்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெரியவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். ஜல்தியா முடிச்சிக்கலாம்.”

எனக்குப் பின்னால் பழுதுக்கு வந்த ஒரு கார், இரண்டு பக்கமும் ஆட்கள், முன்னால் நாற்காலி. நகர இடமில்லை. சுவரைத் தள்ளி வைத்ததைச் சொன்னேன். கார் பொம்மை அகலம் என்பதையும், கதவு இடித்ததையும், உட்புறம் பதினோரு அடிதான் என்பதையும், பெட்டிக்குள் அதைப் பன்னிரண்டு ஆக்கிவிட்டதையும் சொன்னேன். பொம்மைக் காரின் கதவைத் திறந்தும் காட்டினேன். சுவரை மயிரிழையில் தொடாமல் திறந்தது.

“அப்ப அந்த ஒரு அடி சந்தோடது!” என்றார் தங்கை. “ரெண்டும் ஒண்ணும் மூணு. நான் சொல்லலை?”

“அப்படியும் சொல்ல முடியாதும்மா,” என்றேன். “சந்தை நான் அளக்கவே இல்லை. பலகையில் மிஞ்சிய இடத்தை விட்டேன். மூன்றடி இருந்திருக்கலாம், இரண்டரை இருந்திருக்கலாம்.”

“தேதி தெரியும், அகலம் தெரியாதா?” என்றார் பெரியவர்.

ஷெட்காரர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். வர்றவன் போறவன் கிட்டல்லாம் நூல் அளவு தப்பில்லன்னு சொல்லிக்கினு இருந்தேனே.” பிறகு பெட்டியை என்னிடம் நீட்டினார். “நீங்களே எடுத்துக்கினு போங்க.”

முடிவு சொல்ல முடியாமல் பஞ்சாயத்து கலைந்தது. சுவர் வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்று மட்டும் பெரியவர் சொன்னார். நான் சொன்னதால் அண்ணனின் சாட்சி போனது, தங்கைக்கும் சாட்சி கிடைக்கவில்லை. வேலை நின்றதால் கல் அடுக்கு அப்படியே சந்தில் கிடக்கிறது. பின்வீட்டுக்காரர்களை முன்பை விட இறுக்கமாக நான் அடைத்துவிட்டேன் என்றே தோன்றியது. நான் கிளம்பியபோது மதியச் சாப்பாட்டுக்காக ஷெட்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி அதற்கு முன்பே உள்ளே போயிருந்தது.

அதன் பிறகு, அளவெடுத்த நாளில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஷெட்டின் உட்புறம். முகப்பிலிருந்து எடுத்த ஒன்றில் மட்டும் தூணுக்கு அப்பால் சந்து தெரிகிறது. அதில் பழைய டயர்கள் படுக்கைவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக, சந்தின் இரண்டு பக்கமும் தொட்டபடி அடுக்கியிருக்கின்றன. டயர் சரியாக அடைக்கும் சந்து என்றால், டயரின் விட்டம்தான் சந்தின் அகலம். கார் டயர் என்றால் ஏறத்தாழ இரண்டடி. லாரி டயர் என்றால் மூன்றடிக்கு மேல்.

படத்தை இருவருக்கும் அனுப்பினேன். கார் ஷெட்டில் லாரி டயர் எதற்கு என்று கேட்கிறார் அண்ணன். பக்கத்து லாரிக்காரர் ஒருவர் அன்று காலை சிறிது நேரம் போட்டுவைத்த டயர்கள் அவை, தன் கணவர்தான் இறக்க உதவினார் என்கிறார் தங்கை. அந்த லாரிக்காரர் இப்போது ஒலக்கூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு முறை போனேன், சந்திக்க முடியவில்லை. படத்தில் டயர்கள் மங்கலாக இருக்கின்றன. பக்கவாட்டு எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. சந்தில் கிடந்தவை கார் டயர்களா லாரி டயர்களா என்பது, இதை எழுதும் நாள் வரை, சரிபார்க்கப்படவில்லை.