அக்காவின் பெயருக்கு வந்த உறைகள்

எங்கள் அக்கா துறையூரில் பிறந்தார். அப்பாவின் தானிய மண்டி நொடித்துப்போனதும் குடும்பம் திருச்சி பாலக்கரைக்குக் குடிவந்தது. அப்பாவும் சீக்கிரமே இறந்துபோனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அக்கா ரவிக்கை தைத்தார். அந்த வருமானத்தில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கல்யாணம் தாமதமாகவே நடந்தது. அத்தான் ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வேயில் வேலை.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பால் மாவு விளம்பரத்தை வெட்டி, பெயரும் பாலக்கரை விலாசமும் பிரசவ மாதமும் எழுதி என்னிடம் தந்தார்.

"பிள்ளை வளர்க்க மாசாமாசம் யோசனை எழுதி அனுப்புவாங்களாம். இனாம்தான்டி, தபால்ல போட்டுடு."

பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களில் ஜன்னி கண்டு அக்கா காலமானார்.

காரியம் முடிந்த வாரம், தபால்காரர் வாசலில் நின்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுக்களையிலிருந்து அம்மா, "இதோ வந்துட்டா" என்றார். அப்புறம்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தபால்காரர் அதன்பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கதவைத் தட்டி உறையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

"அன்புள்ள தாயே" என்று தொடங்கும் அச்சிட்ட தாள். குழந்தை இனி முகம் பார்த்துச் சிரிக்கும் என்றிருந்தது. சிரித்தது.

அக்கா இறந்துவிட்டார், இனி அனுப்ப வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதினேன். பதிலும் அக்கா பெயருக்கே வந்தது. "தங்கள் கடிதத்துக்கு நன்றி. தாங்களும் குழந்தையும் நலமுடன் இருக்க வாழ்த்துகிறோம்."

மறுபடி எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்திருந்த அத்தான் தடுத்தார்.

"விடும்மா. அவ கேட்டு வாங்கினதுதானே. வரட்டும்."

வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"இந்தத் தடவை என்ன சொல்றாங்க?"

"கஞ்சி குடுக்கலாமாம்மா."

"சரி" என்று அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். எங்களுக்கு அழுகை எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

சென்ற வாரம் வந்ததுதான் கடைசி உறை. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது, இனி அது உங்களை அம்மா என்று அழைக்கும் என்றிருந்தது. குழந்தை என்னைத்தான் அப்படி அழைக்கிறாள்.

"சித்தின்னு சொல்லு கண்ணு" என்றேன்.

"அம்மா" என்றாள்.

"விடுடி" என்றார் அம்மா. "கூப்பிட்டுட்டுப் போகட்டும்."

தம் பிள்ளையோடு எங்கள் பிள்ளைக்கும் பால் கொடுத்த எதிர்வீட்டு பாத்திமா அக்காவுக்கும், இந்த ஓராண்டும் எங்களைத் தனியே விடாத உறவினர், நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். நினைவு நாளுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னால் குழந்தை என்னை அப்படிக் கூப்பிட்டால், தயவுசெய்து யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

தங்கை