நூற்று நாற்பது வரைக்கும்

அண்ணனை எந்த வண்டியும் இடிக்கவில்லை. பாபநாசம் ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு நின்றுவிட்டது. அவன் சைக்கிள் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

மழைக்காலத்துக்கென்று அவன் ஒரு ட்ரெய்னர் வாங்கிப் போட்டிருந்தான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அதில் மாட்டினால் போதும். எவ்வளவு மிதித்தாலும் இடத்தை விட்டு நகராது. நான்தான் சைக்கிளை அதில் மாட்டினேன். சீட்டை இறக்கவில்லை. அவன் உயரத்துக்கே இருந்தது. எனக்குக் கால் எட்டி எட்டித்தான் மிதிக்க வரும்.

எனக்கும் டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டாமல் மிதிக்கலாம் என்றார் டாக்டர். அம்மா நம்பவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, அதை வாங்க வண்ணார்பேட்டையில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஆள் வந்து சைக்கிளையும் ட்ரெய்னரையும் எடுத்துப்போவதாகப் பேச்சு. நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் அம்மா இறங்கி வந்தாள்.

"என் கண்ணு முன்னால ஒரு தடவ மிதி. நூத்திநாப்பதத் தாண்டுச்சுன்னா வண்டி போயிரும். பொறவு அழப்பிடாது."

அண்ணனுடைய ஸ்மார்ட்வாட்சை இடது கையில் கட்டினேன். அது துடிப்பைப் பார்த்துப் போனுக்கு அனுப்பும். அம்மா போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து வராது, நம்பர் வரும்.

"நூறு... நூத்திப்பத்து..."

"என்னட்டி, ஏலம் விடுத மாதிரில்லா சொல்லுத?" என்று மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. திடீரென்று அம்மா கத்தினாள்.

"நூத்தியெழுவது! எறங்குல!"

"எம்மா, எனக்கு மூச்சே வாங்கல. நல்லா பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?"

"ஒங்கண்ணனும் பேசிக்கிட்டுத்தாம்ல இருந்தான்."

உண்மைதான். வழியில் டீக்கடையில் நின்று அம்மாவுக்குப் போன் பேசிவிட்டுத்தான் அவன் மறுபடி சைக்கிளில் ஏறினான். என் கால் தானாக நின்றது. அந்த நேரம் பார்த்து நம்பரும் மறைந்து, ரெண்டு கோடு மட்டும் வந்தது. அம்மா எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. போனை மாமா பிடித்துக்கொண்டார்.

கையைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணனின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் ஆற்றங்கரைப் பேச்சியம்மன் கோயிலில் அம்மா மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு, வியர்வையில் ஊறி, வாட்சுக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தது. வாட்சின் பச்சை வெளிச்சம் தோலில் படாமல் கயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"எம்மா, கயிறும்மா. வாட்சு கயித்து மேல உக்காந்திருக்கு."

"கத்திரி எடுத்துட்டு வரட்டா?" என்றார் மாமா.

"கயித்துல கைய வச்சுப் பாரு!" என்று அம்மா சீறினாள்.

அவளே வாட்சைக் கழற்றினாள். முந்தானையால் என் வலது கையைத் துடைத்து அதில் கட்டினாள்.

"நூத்தியிருவது காட்டுதுட்டி," என்றார் மாமா, போனைப் பார்த்து. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் இடது மணிக்கட்டைப் பிடித்து, கயிற்றுக்குக் கீழே விரலை அழுத்தித் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் போன் அடித்தது. அந்த ஆள் தெருமுனைக்கு வந்துவிட்டாராம்.

"இன்னைக்கி வேண்டாம்னு சொல்லுண்ணே."

"அப்ப என்னைக்கி?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பைய மிதி, எய்யா," என்றாள் என்னிடம்.

ரோட்டில் இப்படி ஓட்ட முடியாது. நான் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து மிதித்தேன். இன்னொரு கை அம்மாவிடம் இருந்தது. அவள் வாய்க்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.