ஆறு பேர் தட்டு

அமெரிக்காவில் நீதி ஜெயித்த வாரம் எங்கள் அறையில் ஆட்டுக்கறி மந்தி வாங்கிக் கொண்டாடினோம்.

துபாய் அல் கூஸில் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் கேம்ப் அது. இரண்டடுக்குக் கட்டில் மூன்று, ஆள் ஆறு. ஆறு பேரும் ஒரே மாவட்டம். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்களாக இருந்தால் சண்டை சச்சரவு வராது என்று கேம்ப் பாஸ் எங்களைத் தேடிப் பிடித்து ஒன்றாகப் போட்டிருந்தார். அவர் கண்ணூர்க்காரர். எங்கள் மாவட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று மதியம் முறை வைத்து ஒருவர் மந்தி வாங்க வேண்டும். பெரிய அலுமினியத் தட்டு நிறைய சோறு, மேலே கறி. கடைக்காரன் தரும் பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போட்டு, தட்டை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து ஆறு பேரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவோம். அரபிகளிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம் இது. ஊரில் இப்படி ஒரு தட்டில் கை வைத்திருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும்.

அந்த வாரம் முறை டிரைவருடையது. அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். என் வயதுதான். அமெரிக்காவில் கறுப்பின இளைஞன் ஒருவனை நடுரோட்டில் வழிமறித்துக் கொன்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்திருந்தது. அந்த வழக்கை அவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தான். தீர்ப்பைப் படிக்கும் வீடியோவை எங்களுக்கும் போட்டுக் காட்டினான். கறிக்குள் கையை விட்டுக்கொண்டே ஒரு பிரசங்கமும் செய்தான்.

"பொறப்பப் பாத்து ஒருத்தன மட்டம்னு நெனைக்கிறவன் மனுசனே கெடையாது மச்சான். தூக்குல போடணும்."

எல்லோரும் தலையாட்டினோம். எங்களுக்கு அது புரியாத விஷயம் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் சம்பளம். ஆபீஸ் கழிவறை குளுகுளுவென்று காலியாக இருக்கும். நாங்கள் கிடங்கைச் சுற்றிக்கொண்டு வெயிலில் போக வேண்டும். ஆகவே அமெரிக்காக்காரனின் வலி எங்களுக்கு நேராக நெஞ்சில் இறங்கியது. ஆறு பேரும் கையை முறுக்கித் தூக்கிக்கொண்டு தட்டைச் சுற்றி ஒரு போட்டோ எடுத்தோம். விரலில் எல்லாம் சோற்றுப் பருக்கை. 'மனிதம் வென்றது' என்று எழுதி டிரைவர் ஸ்டேட்டஸில் போட்டான். எங்கள் அறை ஸ்டோர் கீப்பர் அதற்குக் கண்ணீர் விடும் பொம்மை அனுப்பினார். இருவரும் ஒரே தட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டதைக் கவனித்திருப்பீர்கள். வளைகுடாவில் அந்த வார்த்தைக்கு விலையே கிடையாது, யாரும் யாருக்கும் மச்சான். ஊரில் அவன் தெரு வேறு, என் தெரு வேறு. அவன் தெருவில் ஒருவனுக்கு மச்சான் ஆகப் பார்த்ததற்குத்தான் என் தம்பியைக் கொன்றார்கள்.

தம்பி என்றால் சித்தப்பா மகன். எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். மேலத்தெருப் பெண் ஒருத்தியும் அவனும் விரும்பி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சந்தைக்குப் போகும் ரோட்டில் பெண்ணின் அண்ணனும் சொந்தக்காரர்களும் பைக்கை மறித்து வெட்டினார்கள். நான் இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவன் எங்கள் அறை ஏசி மெக்கானிக்கின் தாய்மாமன் மகன். மெக்கானிக் எங்களில் மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஒரே கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. அவர் தெரு ஆளுக்கு மேலே என் தெரு ஆள் படுத்த ஒரே இடம் உலகத்தில் அல் கூஸ்தான். கேஸ் நடந்த வருடங்களில் நாங்கள் வெயில், சம்பளம், முட்டி வலி எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசியதில்லை.

அமெரிக்கத் தீர்ப்பு வந்து சில மாதம் கழித்து எங்கள் தீர்ப்பும் வந்தது. வெள்ளிக்கிழமை. சித்தப்பா கூப்பிட்டார்.

"குத்தவாளிகதான்னு சொல்லிட்டாங்கய்யா. அத்தன பேரும். ஆயுசுக்கும் உள்ளதான்" என்றார். போனை வைத்துவிட்டார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன். உடன் வேலை செய்யும் பெஷாவர்க்காரன் ஓடி வந்து என்ன ஏது என்று விசாரித்தான். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். அவன் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அச்சா ஹுவா பாய், பஹுத் அச்சா ஹுவா" என்றான், நல்லதே நடந்தது என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மனசு லேசாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: எங்கள் அறை அமெரிக்காவுக்கு வழங்கியதும் இதே மாதிரி நியாயம்தான். கடல் தாண்டிய கொலைக்கு யாரும் உடனே நல்லவராகிவிடலாம்.

ஆனாலும் அறைக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு ஆசை இருந்தது. மந்தி வேண்டாம், போட்டோ வேண்டாம். அந்த ஐந்து பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், தீர்ப்பு சரிதான் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். அவ்வளவுதான் நான் கேட்டது. அதையும் வாய் திறந்து கேட்கவில்லை.

எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு ஒழுக்கத்தை அந்த அறை அதற்கு முன் கண்டதில்லை. ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு போனிலும் சத்தம் இல்லை. மெக்கானிக் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மனிதம் வென்ற ஸ்டேட்டஸ்காரன் அன்றைக்கு ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு 'இனிய மாலை வணக்கம்' சொல்லியிருந்தான்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். "ரூமுக்குள்ள ஜாதி பேசக்கூடாதுன்னு நாம மொதல்லயே முடிவு பண்ணதுதான தம்பி?"

நான் அப்போது ஷூவைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

முகம் கழுவப் போன இடத்தில் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றான். "ப்ரோ, தப்பா எடுத்துக்காத" என்றான். அன்று சாயங்காலத்திலிருந்து நான் மச்சான் இல்லை, ப்ரோ. "கொல தப்புதான். நான் இல்லங்கல. ஆனா ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?"

"அமெரிக்காவுல ரெண்டு பக்கமும் பாத்தியா?"

"அது வேற ப்ரோ. அது இனவெறி."

"இது?"

"இது குடும்பப் பிரச்சின."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். விட்டால் போலீஸ் கேஸ், விசா கேன்சல், ஏர்போர்ட். இந்த நாடு என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது, அவன் கன்னத்தையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு மந்தி முறை என்னுடையது. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பிறகு ஒரு பிடிவாதம் வந்தது. நான் ஏன் விட வேண்டும்? எப்போதும்போல ஆறு பேர் தட்டுதான் சொன்னேன். கறி கூடுதலாக வைக்கச் சொன்னேன். விரிப்பைப் போட்டு நடுவில் தட்டை வைத்து, "வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

அறைக்குள் ஒரு கொள்ளை நோய் நுழைந்தது. டிரைவருக்கு நெஞ்சில் கேஸ். வயிற்றைத் தடவி ஏப்பம் விட்டே காட்டினான். டீயில் சர்க்கரையைக் கொட்டிக் குடிக்கும் ஸ்டோர் கீப்பருக்கு ஒரே ராத்திரியில் சர்க்கரை வியாதி வந்து, அரிசியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. மீதி இருந்த பிளம்பர்கள் இருவருக்கும் சோனாப்பூர் கேம்ப்பில் அவசரமாக ஒரு நண்பரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் கிளம்பவும், கேஸுக்குச் சோடா குடிக்க டிரைவரும் கிளம்பினான், சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று ஸ்டோர் கீப்பரும் கிளம்பினார். அமெரிக்கத் தீர்ப்பன்று இவர்களில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

தட்டின் முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. என் தம்பிக்குக் கறி என்றால் உயிர் என்பது அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

குளித்துவிட்டு மெக்கானிக் உள்ளே வந்தார். காலியான கட்டில்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறுனா கொழுப்பு ஒறஞ்சிரும் தம்பி. கைய வையி."

சாப்பிட்டோம். அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்றதில் தட்டில் இரண்டு பள்ளம் விழுந்தது. அவர் பக்கம் இருந்த நல்ல துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். அது அவருடைய வழக்கம்தான். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"தீர்ப்பு சரிதான் தம்பி. எம் மாமா மகன்தான். அதுக்காக சரியில்லன்னு சொல்ல முடியுமா?"

ஆனா என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஓடிப்போன நான்கு பேரையும் அந்த நிமிடத்தில் மன்னித்திருப்பேன். உலகத்திலேயே பெரிய மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போதும் அதில் எனக்குப் பெரிய மாற்றுக் கருத்து இல்லை.

அவர் போன் அடித்தது. வீடியோ கால், அவருடைய அம்மா. ஞாயிறு மதியம் எல்லோர் வீட்டிலிருந்தும் வரும். தட்டைக் காட்டு, கறியைக் காட்டு என்பார்கள். அவர் இடது கையால் போனை எடுத்தார். அழுத்துவதற்கு முன்னால் அதை நிமிர்த்திப் பிடித்தார். பின்னால் சுவரும் ஏசியும் மட்டும் தெரியும்படி.

"சாப்பிட்டியாய்யா?" அழுது அழுது அந்த அம்மாவின் குரல் கட்டியிருந்தது.

"சாப்பிட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"இங்க மாமா வீட்ல அடுப்பே பத்த வைக்கல. அந்தப் பய இன்னும் ஒங்கூடத்தான் இருக்கானா?"

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய வலது கை தட்டுக்குள்தான் இருந்தது.

"அவன் வேற ரூமுக்குப் போயிட்டாம்மா. நான் தனியாத்தான் சாப்பிடுறேன்."

என் வாயில் அவர் தள்ளிவிட்ட கறித்துண்டின் எலும்பு இருந்தது. கடித்தால் சத்தம் கேட்கும். அந்த அம்மா பேசி முடித்துப் போனை வைக்கும்வரை நான் அதைக் கடிக்கவில்லை.