மாமாவுக்குக் காட்டிய கடல்

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் சண்டை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். சாம்பாரில் உப்பு கூடியிருக்கலாம், அப்பா ஓவர்டைம் முடித்துவிட்டுக் காய்கறி வாங்காமல் வந்திருக்கலாம். அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். "எனக்கு நாதியில்லன்னு நெனச்சிட்டீங்களா? எங்கண்ணன் இருக்கான். நாளைக்கே பொண்ணக் கூட்டிக்கிட்டு எங்க ஊட்டுக்குப் போயிடுவேன்!" என்பாள்.

"போறதுன்னா சொல்லு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வண்டியில உட்டுட்டு வர்ரன்" என்பார் அப்பா. அத்தோடு சண்டை முடிந்துவிடும். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத்தான் சோறு இறங்காது. 'பொண்ணக் கூட்டிக்கிட்டு' என்றால் அது நானல்லவா!

அம்மாவின் ஊர் நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் குப்பம். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், உத்தனப்பள்ளிக்காரரான அப்பாவின் பேச்சில் மயங்கி இங்கேயே நின்றுவிட்டாள். அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமே கட்டிக்கொள்ளாத அண்ணன் மட்டும் அந்த வீட்டில் இருந்தார். நான் அங்கே போனது ஒரே ஒரு தடவை. வாயெல்லாம் மணல் புகுந்தது தவிர வேறொன்றும் நினைவில்லை. அந்த ஊருக்காக என் பள்ளிக்கூடத்தையும், தெலுங்கில் திட்டினால் பதிலுக்குக் கன்னடத்தில் திட்டும் என் சிநேகிதியையும் விட்டுவிட்டுப் போவதா? நடக்கிற காரியமா?

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பொங்கலுக்கு மாமா வருவதாகப் போன் வந்தது. வழக்கமாகச் சீர்ப் பணமும் கருவாடும்தான் வரும், ஆள் வரமாட்டார். இந்தத் தடவை இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, அம்மாவுக்கு ஒரு பச்சைப் புடவை என்று முறையாகச் சீர் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கரும்பை வாசலிலேயே சாய்த்து வைத்தாள், போகிற வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். மாமாவின் பையில் லுங்கியில் சுற்றி இன்னொன்றும் இருந்தது. தாத்தா பாட்டி படம், கண்ணாடிச் சட்டத்தோடு.

"ஏண்ணே, படத்தக் கழட்டிக்கிட்டு வந்த?" என்று அம்மா கேட்டாள்.

"சட்டம் ஆடுது. இங்கதான் நல்ல கடை இருக்கும்ல" என்றார் மாமா. அந்தப் படத்தைக் காட்டி அம்மாவின் மனதைக் கரைத்துக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று ராத்திரியே திட்டமும் போட்டுவிட்டேன். எங்கள் சீமையை மாமாவுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். பார்த்து அசந்துபோய், 'இவ்வளவு நல்ல ஊர விட்டுட்டு நீ ஏன் தங்கச்சி வரணும்?' என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். காணும் பொங்கலன்று அப்பாவுக்கு ஷிப்டு இருந்தது. அம்மாவையும் மாமாவையும் நானே கிளப்பிக்கொண்டு போனேன்.

தை மாதத்து ஓசூர்க் குளிர் மாமாவுக்கு ஆகவில்லை. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்து "எல்லிகே?" என்றார். மாமா திருதிருவென்று விழித்தார். "எங்க போறீங்கன்னு கேக்குறாரு மாமா. எங்க ஊருல மூணு பாஷ பேசுவோம்" என்று நான் ஒரு போடு போட்டேன். உத்தனப்பள்ளி வந்ததும் அப்பாவின் ஊர் என்று காட்டினேன். ரோஜாத் தோட்டத்தையும் தக்காளி லாரியையும்கூட விடவில்லை. மாமா எல்லாவற்றுக்கும் "அப்புடியா பாப்பா" என்றார்.

ராயக்கோட்டை மலைமேல் கோட்டை. ஏறுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நான் சுவரைத் தட்டிக் காட்டினேன். "எவ்ளோ பெரிய கல்லு பாத்தீங்களா? எத்தன ராஜா வந்தாலும் அசைக்க முடியாது!" உண்மையில் அந்தக் கோட்டையை யார் யாரோ பிடித்திருக்கிறார்கள். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

மாமா சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "எங்கூருலயும் கரையில இத்தாம் பெரிய கல்லு கொண்டாந்து கொட்டுனாங்க பாப்பா. ஒரு மழைக்கு நிக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோட்டையைக் காட்டினால் இந்த மனுஷன் தன் ஊர்க் கல்லைப் பற்றிப் பேசுகிறாரே! நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"உங்க வீட்டுலருந்து கடல் ரொம்பத் தூரமா மாமா?" என்று மட்டம் தட்டுகிற மாதிரி கேட்டேன்.

"முன்ன தூரமாத்தான் இருந்துச்சு. இப்ப கிட்டக்க வந்துடுச்சி" என்றார். புதிதாக ரோடு போட்டிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அண்ணாந்து காட்டினேன், இன்னொரு மலை ஏற யாருக்கும் தெம்பில்லை. என் துருப்புச் சீட்டு கடைசியில் இருந்தது. கிருஷ்ணகிரி அணை. அன்றைக்கு அங்கே தேர்த்திருவிழா போலக் கூட்டம். பூங்கா முழுக்கக் குழந்தைகள், வழியெல்லாம் மீன் வறுக்கும் வாசனை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தண்ணீர் பரந்து கிடக்கும் பக்கமாக அவர்களை இழுத்துப்போய்க் கரையில் நிறுத்தினேன். அக்கரை தெரிந்தது, ஆனாலும் அலை மாதிரி ஏதோ அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இதான் எங்க ஊரு கடல்!" என்றேன்.

மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் காலை உள்ளே வைத்தார். அவர்கள் ஊரில் கடலில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கடல் அம்மா அல்லவா, கும்பிடாமல் கால் படக்கூடாது. அணைத் தண்ணீரை யாரும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பரிசல்காரர் ஒருவர் அவரை வேடிக்கை பார்த்தார். அம்மாவும் பின்னாலேயே குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருஷமாக, "இதெல்லாம் ஒரு தண்ணியா, குட்டை!" என்று சொன்ன அம்மா!

ஏமாந்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மீன் வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். கடையில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். மாமா கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அண்ணன் முதுகில் பட்பட்டென்று அடித்தாள். மாமா அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் மீனோடு போனபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. அணை மீன் சேறு நாறும் என்று தொடவே தொடாதவள், ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். "நாறுதாம்மா?" என்று கேட்டேன். "இல்லடி, நல்லாத்தான் இருக்கு. காரம்தான் சாஸ்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க ஊரு நல்லா இருக்கு பாப்பா. நான் இங்கியே இருந்துக்கிடவா?" என்று கேட்டார் மாமா.

நான் குதித்த குதியில் தட்டிலிருந்த மீன் மண்ணில் விழுந்தது. கூட்டிப்போக வந்த ஆளையே மடக்கிப் போட்டுவிட்டேனே, சாமர்த்தியமென்றால் இதுவல்லவா! பள்ளிக்கூடம் திறந்ததும் என் சிநேகிதியிடம் இரண்டு மொழியிலும் பீற்றிக்கொண்டேன். அந்தப் பொங்கலுக்கு முந்தின மழைக்காலத்தில் கடல் உள்ளே வந்து அவர்கள் தெருவில் மூன்று வரிசை வீடுகளைக் கொண்டுபோனதும், அதில் எங்கள் தாத்தா வீடும் ஒன்று என்பதும், மிஞ்சியது அந்தப் படம்தான் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

படம் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. அப்பா சொல்லிவைத்து மாமாவுக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கினார். அம்மாவும் அப்பாவும் முன்பு போலவே சண்டை போட்டார்கள், உப்புச் சண்டைக்கும் காய்கறிச் சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் 'எங்க ஊட்டுக்குப் போயிடுவேன்' என்ற பேச்சு மட்டும் அம்மா வாயில் வரவில்லை. அப்பாவும் பஸ் ஸ்டாண்டுப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் நான் காட்டிய கோட்டைகளின் மகிமை என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த வசனத்தை அவள் வாயால் இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இன்று ஏங்குகிறேன்.

அடுத்த பொங்கலுக்கும் மாமா சீர் கொண்டுவந்தார். அவர் அறை இருந்தது எங்கள் வீட்டுக்குக் கிழக்கே. அவரோ பஸ் ஸ்டாண்டு இருக்கும் மேற்குப் பக்கமிருந்து, தோளில் இரண்டு கரும்போடு, கையில் பையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். அம்மா அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள்.

"வாண்ணே. பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டாள்.

"ஆமா தங்கச்சி. ஊருலருந்து நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றார் மாமா.

"ரெண்டு தெருவுக்கு எதுக்கு மாமா பஸ்ஸு?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்கும் சிரிக்கிற அப்பா, அன்றைக்குச் சிரிக்காமல் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.