வந்த விதம்: தள்ளி

பீற்றிஸ் மிஸ்ஸுக்கு நாற்பத்தாறாவது வயதில் கடனட்டை கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களும் வங்கிகளும் மட்டக்களப்பில் போட்டிபோட்டுக்கொண்டு இறங்கியிருந்த காலம். நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவளைத் தேடிவந்து, கூடாரம் கொடுப்பதைப்போலவே அட்டையையும் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

2006ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த கையோடு, அந்த அட்டையைத் தேய்த்துக் கோணாமலையின் வாகனக் கடையில் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கினாள். அட்டையில் எவ்வளவு எடுக்கலாமோ, காரின் விலையும் சரியாக அவ்வளவுதான். அந்தத் தொகையைக் கோணாமலை முதலிலேயே கேட்டு வைத்திருந்தார்.

"டொக்டர் ஒராள் பாவிச்ச கார், மிஸ். மாட்டுவண்டி போற வேகத்துக்கு மேல ஓடினதே இல்ல."

அதில் பின்பாதி உண்மை.

கல்லடி வீட்டிலிருந்து நகரத்து அலுவலகத்துக்குப் போகும் வழியில், பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி. முதல் நாளே கார் அங்கே நின்றது. பீற்றிஸ் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. விசில் ஊதினார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து சனங்கள் குதித்து ஓடினார்கள். மோப்ப நாயொன்று முன்சக்கரத்தை முகர்ந்து தும்மிவிட்டுப் போனது. உள்ளே குண்டு இல்லை, எஞ்சின் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், நான்கு சிப்பாய்கள் காரைத் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்தார்கள்.

மூன்று வாரத்தில் இப்படிப் பதினொரு தடவை. கடைசித் தடவைகளில் நாய் எழுந்துகூட வரவில்லை.

பீற்றிஸ் கோணாமலையிடம் போனாள்.

"காசைத் திருப்பித் தாங்கண்ணன். கார் நிண்டு நிண்டுதான் போகுது."

"இஞ்ச எந்தக் கார் மிஸ் நிக்காம ஓடுது? ஆமிக்காரன் நிக்கிற இடத்தில நிக்கத்தானே வேணும்? இது மரியாதை தெரிஞ்ச கார்."

பிழை காரில் இல்லை, நாட்டில் என்பது அவருடைய வாதம். நாட்டுக்கு அவர் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

அட்டையால் வாங்கிய பொருள் பழுதென்றால் வங்கியிடம் முறையிடலாம் என்று, அட்டையோடு வந்த பொடி எழுத்துத் தாளில் போட்டிருந்தது. மட்டக்களப்பில் அந்தத் தாளை வாசித்த ஒரே ஆள் பீற்றிஸாகத்தான் இருக்கும். முறைப்பாட்டை எழுதி அனுப்பினாள். கொழும்பிலிருந்து பதில் வந்தது: வாகனம் தானாக நின்றதா, பிறர் மறித்ததால் நின்றதா என்பதற்குப் பக்கச்சார்பற்ற சாட்சி தேவை.

அவள் நேரே பாலத்தடிக்குப் போனாள். சார்ஜன்டின் மேசையில் தடித்த பதிவேடு கிடந்தது. கடந்துபோகும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கமும் நேரமும் அதில் இருந்தன. அவளுடைய காருக்கு நேரே மட்டும் சிங்களத்தில் கூடுதலாக ஒரு குறிப்பு, பதினொரு தடவையும் அதே குறிப்பு. அவளுக்குச் சிங்களம் தெரியும். "வந்த விதம்: தள்ளி."

"மாத்தயா, இந்தப் பக்கங்களில போட்டோக் கொப்பி வேணும்."

சண்டை தொடங்கிய நாளிலிருந்து எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சார்ஜன்ட் பேனையை வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"என்னத்துக்கு நோனா?"

"காரைத் திருப்பிக் குடுக்க."

"அந்த சிவப்புக் காரா?"

அவர் முகம் மலர்ந்தது. கொப்பி எடுக்க இரண்டு சிப்பாய்கள் கேளாமலே எழுந்தார்கள். சார்ஜன்ட் தன் கைப்படக் கடிதமும் எழுதி முத்திரை குத்தினார்: "இவ்வாகனம் ஒருபோதும் சொந்தப் பலத்தில் இச்சாவடியைக் கடக்கவில்லை. எனது ஆட்களுக்கு முதுகுவலி."

நான்கு மாதத்தில் முழுக்காசும் அட்டைக்குத் திரும்பி வந்தது. கோணாமலை உழவு மெசினில் கட்டிக் காரை இழுத்துப்போனார். "ஆமியைப் போய்ச் சாட்சிக்கு வச்சிட்டீங்களே, மிஸ்," என்றார். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

வங்கியின் கடிதத்தைக் கணவன் யோசேப் இரண்டுதரம் வாசித்தார்.

"என்னகா, எழுதிக் கேட்டா நடக்குதே!"

பீற்றிஸ் சிரிக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் வேறொரு சாவடியைக் கடக்கப்போய் வீடு திரும்பாத தம்பி பிலிப்புக்காக அவள் பதினாறு வருடமாக அரசாங்கத்துக்கும் இராணுவத்துக்கும் எழுதுகிறாள். ஒரு வரி பதில் வந்ததில்லை.

அன்று பின்னேரம் தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினாள். தம்பி எங்கே என்று இந்த முறை கேட்கவில்லை. அவன் போன தேதிக்குரிய, அந்தச் சாவடியின் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியொன்றைத் தரும்படி மட்டும் கேட்டாள். மறுநாள் பதிவுத் தபாலில் சேர்த்தாள். தபாற்கந்தோரில் பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். கிடைத்தது அது மட்டுந்தான்.