முகம் வேண்டாம், பேர் போடு

கண்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்த ஸகியாவின் கண்ணில் முதலில் பட்டவை படங்கள் அல்ல, அவற்றின் கீழே ஒட்டியிருந்த அட்டைகள். 'சரீப் இல்லம்.' 'முத்தலிப் ஹாஜியார் இல்லம்.' 'ஜிப்ரி இல்லம்.' சுவர் முழுக்க ஆண்களின் பெயர். அவள் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்த பெண்களின் பெயரில் ஒன்றைக்கூடக் காணோம். அவளுக்குக் கோபம் பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஒரு வருடம் நாயாய் அலைந்து எடுத்த படங்கள்.

ஸகியா காத்தான்குடிக்காரி. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பதுதான் தொழில். ஆண்கள் கமராவோடு எட்டிப் பார்க்க முடியாத அறைகளுக்குள் அவளுக்கு ராஜமரியாதை. ஆனால் எடுத்த படத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, தன் கையில் இருப்பதை அழித்துவிட வேண்டும். அதுதான் பேச்சு. அவளும் சொன்ன சொல் தவறாதவள். அதனால்தான் இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகும், இது நான் எடுத்தது என்று காட்ட அவளிடம் ஒரு படமும் இல்லை. எவ்வளவு அழகான படங்கள் அப்படிப் போயின என்று நினைத்தால் இரவில் தூக்கம் வராது என்பாள்.

தனக்கென்று ஒரு வேலை செய்யத்தான் வேண்டும் என்று ஒருநாள் முடிவெடுத்தாள். வாரத்துக்கு ஒரு வீடு, ஒரு வருடத்துக்கு. வீட்டின் முன்னால் அந்த வீட்டுக்கு உரியவள். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்த அன்றே வாப்பாவுக்குக் கல், சீமெந்துக் கவலை பிடித்துவிடும். கூடப்பிறந்த காக்காமார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுச் சுவர் எழுப்புவார்கள். உம்மா வெளிநாட்டுக்குப் போய் அடுத்தவள் குசினியில் வெந்து கூரை போடுவாள். வீடு முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் தமிழ் ஆட்களிடமும் இதே வழக்கம்தான். உறுதிப் பத்திரமும் அவள் பேரில்தான் இருக்கும். ஆனால் கேற்றுத் தூணில் பளிங்குக் கல்லில் பொறிப்பது மட்டும் பெட்டியோடு வந்தவரின் பெயரை. ஒவ்வொரு தெருவிலும் ஒழுங்கையிலும் அந்தக் கற்களைப் பார்த்துப் பார்த்து ஸகியாவுக்கு அலுத்துப்போயிருந்தது.

முதலில் கேட்டது ஹப்ஸாவிடம். கண்காட்சியில் வைப்பது என்றதும் ஹப்ஸா தயங்கினாள். நாலு ஆம்பிளைகள் வந்து பார்க்கும் இடத்தில் தன் முகம் தொங்குவதில் அவளுக்கு விருப்பமில்லை. உள்ளே போய் உம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள்.

"முகம் வேணாம் ராத்தா. பேர் போட்டாப் போதும்."

அதுவே எல்லா வீட்டுக்கும் ஒப்பந்தமாகிவிட்டது. சாவியோடு கதவைத் திறக்கும் பெண், பின்பக்கமாக. ஸகியா மழையில் குடைக்குள் கமராவை ஒளித்து நின்றாள். நோன்பு மாதத்தில் வெயில் சாயும்வரை வாடிக் காத்திருந்தாள். ஒருத்தி கதவுக்குப் புதுப் பெயின்ட் அடிக்காமல் மாட்டேன் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தாள். இன்னொரு வீட்டில் கணவர் தலைவாரி, பவுடர் பூசி, வாசலில் வந்து நின்றுகொண்டார். அவரைப் படத்துக்கு வெளியே நகர்த்துவதற்குள் ஸகியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கண்காட்சி நடத்தும் விழாக்குழுவின் செயலாளர் ஜிப்ரியின் மனைவி இர்ஷானாவும் ஒருநாள் கூப்பிட்டாள். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் கூப்பிட்டாள்.

அந்த ஜிப்ரிதான் இப்போது வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். அட்டைகளை அச்சடித்ததும் அவர்தான். ஸகியா நேரே போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை இன்னும் உசுப்பியது. நம்முடைய பெண்களின் பெயர்களைச் சபையில் தொங்கவிடுவது மரியாதையில்லை என்றார். குடும்பத் தலைவர் பெயரைப் போடுவதுதான் முறை, உங்களுக்கு நல்லதுக்குத்தான் செய்தேன் என்று பூசி மெழுகினார்.

"முகத்தத்தான் மறைச்சிட்டாங்க. பேரும் இல்லாட்டி அந்தப் படத்தில என்ன மிச்சம் காக்கா? கதவுதான் மிச்சம்."

இனி அச்சடிக்க நேரமில்லை, விருந்தினர் வரப்போகிறார் என்று ஜிப்ரி வாசலுக்குப் போய்விட்டார். மசிகிற ஆளில்லை.

அதற்குள் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கறுப்பு அபாயாக்களும், கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தவர்களின் சேலைகளுமாக மண்டபம் நிறைந்தது. ஹப்ஸா தன் உம்மா ஆயிஷாவைக் கைபிடித்துத் தங்கள் படத்தின் முன் கூட்டிவந்தாள். குவைத்தில் வெந்து அந்த வீட்டுக்குக் கூரை போட்டவள் ஆயிஷா உம்மா. ஹப்ஸா கணவரின் பெயர் போட்ட அட்டையை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"அப்ப நான் எங்க ராத்தா?"

ஸகியாவை நம்பித்தானே இவர்கள் கதவு திறந்தார்கள்? படங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போனால் இந்த ஒரு வருடமும் கல்யாணப் படங்கள் போன வழியில்தான் போகும். கழற்ற வேண்டியது படங்களை அல்ல என்று பட்டது. 'சரீப் இல்லம்' அட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. அவள் பாதிச் சுவரைத் தாண்டுவதற்குள் மீதியைப் பெண்கள் கிழித்து முடித்திருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் வெறும் படங்கள் தொங்கும் மண்டபத்துக்குள் நுழைந்தார். ஜிப்ரிக்கு முகம் வெளிறிவிட்டது. விருந்தினருக்கு என்ன தெரியும், பாவம். முதல் படத்தின் முன் நின்று, இது யாருடைய வீடு என்று சாதாரணமாகக் கேட்டார்.

"எண்ட வீடு. எண்ட பேர் ஹப்ஸா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அடுத்த படத்துக்கு அடுத்தவள் சொன்னாள். கொக்கட்டிச்சோலைச் சீதேவிப்பிள்ளை தன் பெயரோடு அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். விருந்தினருக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று கேட்டார். இப்போது வேண்டுமென்றே கேட்டார்.

இர்ஷானாவின் படம் வந்தது. இர்ஷானா பக்கத்திலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. கணவரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். விருந்தினர் ஜிப்ரியிடம் திரும்பி, உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். மனைவியைப் பிள்ளைகளின் உம்மா என்றே ஊரில் சொல்லிப் பழகியவர் ஜிப்ரி. தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

ஸகியாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. விடுவதாகவும் இல்லை.

"அவருக்குக் கேக்கல்ல காக்கா. சத்தமாச் சொல்லுங்க."

ஜிப்ரி தலையை நிமிர்த்தினார்.

"இர்ஷானாட வீடு," என்றார். "நான் அங்க இரிக்கன்."